தொழுகை இல்லாத நாட்கள்

ராபியாவின் கர்ப்பப்பையைக் கத்தி எடுத்தது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சஹரைக் கேட்டால் வேறு சொல்வாள். இரண்டே இரண்டு வார்த்தைகள்தான் அதை எடுத்தன. கத்தி பிறகு வந்தது.

அந்த இரண்டு வார்த்தைகள், "தொழுகை இல்லை." பூந்தமல்லியில் எந்த முஸ்லிம் வீட்டிலும் ஒரு பெண் இப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாதவிலக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கிடையாது என்பதால், "இன்னைக்கு எனக்குத் தொழுகை இல்ல" என்றாலே போதும், கேட்டவர் புரிந்துகொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். புருஷன் கேட்கமாட்டான், மாமியார் கேட்கமாட்டாள், பால் ஊற்ற வந்தவர் காதில் விழுந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நல்ல மரியாதையான வார்த்தை. மரியாதையான வார்த்தைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அவற்றுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

சஹர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது நோன்புப் பெருநாள் கழிந்த மறுமாதம். கணவன் ஜமீருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. மாமனார் அப்துல் கையூமுக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை. சஹரும் எஸ்டேட்டிலேயே ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். கல்யாணத்தோடு அதற்கு முழுக்குப் போடச் சொல்லுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தவளிடம், "நீ வேலைக்குப் போம்மா, அடுப்ப நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவள் மாமியார் ராபியாதான். தாயில்லாத பெண் சஹர். அந்த ஒரு பேச்சிலேயே மாமியிடம் ஒட்டிக்கொண்டாள்.

வந்த முதல் வாரம், வேலை முடிந்து வந்த ஒரு சாயங்காலம், அந்தித் தொழுகையான மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் சஹர் தொழுகை விரிப்புகளான முஸல்லாக்கள் இரண்டை விரித்தாள். "வாங்க மாமி, ஒண்ணாத் தொழுவோம்" என்றாள். ராபியா சமையற்கட்டிலிருந்து எட்டிப்பார்த்து, "எனக்குத் தொழுகை இல்லம்மா, நீ தொழு" என்றாள். சரி என்று சஹர் ஒரு முஸல்லாவைச் சுருட்டி வைத்தாள். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதேதான். மாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் மாதத்துக்கு முப்பது நாளும் தொழுகை இல்லையென்றால் அது என்ன கணக்கு என்று சஹர் பயந்தாள்.

பயப்படுவதற்கு அவளிடம் காரணம் இருந்தது. மாங்காட்டில் அவளுடைய அம்மாவும் இப்படித்தான், ஒரு வருஷம் முழுக்கத் "தொழுகை இல்ல, தொழுகை இல்ல" என்று சொல்லிக்கொண்டே வளைய வந்தாள். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பது அழகில்லை என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய், எல்லை தாண்டிப் போயிருந்தது. நாலு மாதத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். அப்போது சஹருக்குப் பத்தொன்பது வயது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மா இருந்திருப்பாளே என்கிற நினைப்பு அவளை விட்டுப் போனதே இல்லை.

அதனால் மாமியின் மீது ஒரு கண் வைத்தாள். மாமி கருப்புப் பாவாடைதான் கட்டுகிறாள். மொட்டைமாடியில் துணிகளைத் தனியாகக் காயப்போடுகிறாள். கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டால் கால் வலி என்கிறாள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ரத்தம் என்றுதான் வந்தது. இப்படி ஏழெட்டு மாதம் போனபிறகு ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது துணிந்து கேட்டுவிட்டாள்.

"மாமி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இன்னும் நிக்கலையா?"

ராபியாவின் கை கீரைக்குள்ளேயே நின்றது. பிறகு, "இல்லம்மா. அது பாட்டுக்கு வந்துகினுதான் கீது" என்றாள்.

அவ்வளவுதான். கேட்ட கேள்வியே ஒரு பதிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டது, ராபியாவும் அதை வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே சஹர் மாமனாரிடமும் ஜமீரிடமும் போய் நின்றாள். அம்மாவின் கதையைச் சொல்லி அழுதாள். அப்துல் கையூம் நல்ல மனுஷர். ஆனால் பெண்கள் விஷயம் என்றால் காது சிவந்து வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற ஆள். "நீயே கூட்டினு போய்க் காட்டும்மா. இன்னா சொல்றாங்களோ செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

பக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோம். அங்கே இருந்த டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சஹரே பதில் சொன்னாள். எத்தனை நாளாக? ஏழெட்டு மாதமாக. அதிகமாகவா? மாதம் முழுக்க. டாக்டர் ராபியாவின் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. ராபியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. "இந்த வயசுல இத வெச்சுகினு இன்னா பண்ணப்போறாங்க? எடுத்துடலாம்" என்று டாக்டர் தேதி கொடுத்தார். அப்துல் கையூம் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று காலை, சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ராபியா சஹரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "சஹரு…" என்றாள். வாய் எதையோ சொல்லத் திறந்தது. "இன்னா மாமி?" என்று சஹர் குனிந்தாள். "ஒண்ணுமில்ல. போய்ட்டு வரேன்" என்று மென்று விழுங்கிவிட்டாள். சஹர் அதைப் பயம் என்று நினைத்து நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், படுக்கை நனைந்திருந்தது. மறுநாளும். உட்கார்ந்தால், எழுந்தால், சும்மா படுத்திருந்தால்கூட, சிறுநீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டே இருந்தது. கழிப்பறைக்குப் போனால் அங்கே வருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நர்ஸிங் ஹோமில் போய்க் கேட்டால், "உள்புண் ஆறினா சரியாயிடும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறுவாரம் போனால் வேறு மாத்திரை. மூன்றாவது தடவை போனபோது டாக்டர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

வீடு முழுக்க வாடை. சஹர் தினம் மூன்று தடவை டெட்டால் போட்டுத் துடைத்தாள். அப்துல் கையூம் தன் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். அறையில் ஃபேன் சரியில்லை என்றார். ஃபேன் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ராபியா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். குடித்தால்தானே வரும் என்று ஒரு நாளைக்கு ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ள, தொடை இடுக்கெல்லாம் வெந்து, கிடக்கிற இடத்தில் சுருண்டு கிடந்தாள். இரண்டு மாதத்தில் அவள் பாதியாகிவிட்டாள்.

கம்பெனியில் சஹரின் மேற்பார்வைக்காரி சாவித்திரி. அம்பத்தூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். ஒரே சட்டையை மூன்று தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்ற சஹரை அவள்தான் சாப்பாட்டு நேரத்தில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விசாரித்தாள். சஹர் சொன்னதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்குன்னு தனி டாக்டருங்க கீறாங்கடி. பிரசவம் பாக்குறவங்க வேற, கிட்னி பாக்குறவங்க வேற. இவங்க ரெண்டுக்கும் நடுவுல. அடி இறங்கிப்போனது, ஒண்ணுக்கு நிக்காதது, இதையே பாக்குறதுக்குப் படிச்சுட்டு வந்தவங்க. எனக்கே ரெண்டு வருசம் முன்னாடி கர்ப்பப்பை இறங்கிப்போச்சு. கத்தியே வெக்கல, ரப்பர் வளையம் ஒண்ணு வெச்சு வுட்டாங்க. இன்னைக்குப் பத்து மணி நேரம் நின்னுகினு வேல செய்யறேன். மோகனப்பிரியான்னு பேரு. செவ்வாக்கெழம, சனிக்கெழம அம்பத்தூர்ல பாப்பாங்க."

அப்படி ஒரு டாக்டர் இருப்பதே சஹருக்கு அன்றுதான் தெரியும். அந்த நர்ஸிங் ஹோம் டாக்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சனிக்கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் செக்கப் என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். டாக்டர் மோகனப்பிரியாவுக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. சஹர் பழக்கதோஷத்தில், "டாக்டர், இவங்களுக்கு ரெண்டு மாசமா" என்று ஆரம்பித்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்லாதீங்கம்மா. அவங்களுக்கு வாய் இருக்கு, அவங்க சொல்லட்டும். வேணும்னா நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

"அவ இருக்கட்டும்" என்றாள் ராபியா.

டாக்டர் நாற்காலியை இழுத்து ராபியாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப சாதாரணமாக, காய்கறி விலை கேட்கிற குரலில் கேட்க ஆரம்பித்தார். எப்போதெல்லாம் கசிகிறது? எத்தனை துணி மாற்றவேண்டியிருக்கிறது? ராபியா ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? இருமினா, தும்மினா, குனிஞ்சா கசியுமா?"

டாக்டர் அவசரப்படவில்லை. மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"கசியும்" என்றாள் ராபியா. "குனிஞ்சாலே கசியும். ருகூவுக்குக் குனிஞ்சா கொஞ்சம், நெத்தியத் தரையில வெச்சு ஸுஜூதுக்குப் போனா நெறைய. துணி நனஞ்சுடும். தொழறதுக்கு முன்னாடி கைகால் கழுவுற ஒளு முறிஞ்சுடும். மறுபடி ஒளு செஞ்சுட்டு வந்து நின்னா மறுபடியும் அதே. ஒரு தொழுகைக்கு நாலு தடவ ஒளு செஞ்சிருக்கேன். அப்புறம் வுட்டுட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருசமா."

சஹருக்கு முதலில் புரியவில்லை. ஆறு வருஷமா? காதில் விழுந்ததை மனசு எடுத்துக்கொள்ள மறுத்தது.

டாக்டர் பிரசவங்களைப் பற்றிக் கேட்டார். மூன்று பிள்ளைகள், முதல் இரண்டு தங்கவில்லை. ஜமீர் நாலு கிலோ, ஒரு நாள் முழுக்க வலியெடுத்து, கடைசியில் ஆயுதம் போட்டு இழுத்தார்கள். மறுவாரமே தண்ணீர்க் குடம் தூக்கினாள். டாக்டர் எழுதிக்கொண்டே, "மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாத்தையும் கீழ இருந்து ஒரு தசை தாங்கிப் புடிச்சிருக்கும்மா, ஊஞ்சல் பலகை மாதிரி. அது அப்பவே கிழிஞ்சு தளர்ந்திருக்கும். வயசு ஏற ஏறக் கசிய ஆரம்பிக்கும். பத்துப் பொம்பளைங்க வந்தா அதுல மூணு பேருக்கு இருக்கு, யாரும் சொல்றதில்ல" என்றார்.

பிறகு திரைக்குப் பின்னால் பரிசோதனை. சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து செலுத்தி, கீழே பஞ்சு வைத்துக் கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னார்கள். ராபியா சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் முன்னும் பின்னும் நடந்தாள். பஞ்சை எடுத்துப் பார்த்தபோது அது நல்ல நீலமாக இருந்தது. டாக்டர் அதைச் சஹரிடமும் காட்டினார்.

"மூத்திரப்பையில ஓட்டை. கர்ப்பப்பையை எடுக்கும்போது பட்டிருக்கு. அதுதான் நிக்காம வழியுது. மாத்திரையில ஆறாது."

மேஜைக்கு வந்து பழைய ஃபைலைப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பி வந்த அறிக்கை. இந்த இரண்டு மாதமாக ஃபைலிலேயே இருந்திருக்கிறது, ஒருவரும் படித்துச் சொல்லவில்லை. "நோய் எதுவும் இல்லன்னுதான் போட்டிருக்கு. கட்டியும் வெறும் சாதாரணக் கட்டி. இங்க 'எட்டு மாதமாக இடைவிடாத ரத்தப்போக்கு'ன்னு எழுதியிருக்காங்க. எப்படிப் போச்சும்மா, கட்டி கட்டியாவா?"

ராபியா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "எனக்கு ரத்தப்போக்கே இல்ல டாக்டரம்மா. நாலு வருசம் முன்னாடியே நின்னுபோச்சு."

"அப்ப இதை யார் சொன்னது?"

"நான்தான்" என்றாள் சஹர். "மாமி எப்பவும் தொழுகை இல்லன்னு சொல்லுவாங்க. எங்கள்ல அப்படின்னா… அந்த நாள்னு அர்த்தம். எங்கம்மா அப்படித்தான் செத்தாங்க டாக்டர். இவங்களையும் வுட்டுடக்கூடாதுன்னு…" முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். கோபம் வந்திருந்தது, ஆனால் அதை யார் மீது காட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை. "நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் ராபியாவிடம். "ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போயிருக்கீங்க. எனக்கு ரத்தமே வரலன்னு ஒரு வார்த்தை."

ராபியா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"சொல்லிருந்தா அப்புறம் இன்னான்னு கேப்பாங்களே. ரத்தம்னா அய்யோ பாவம்னு சொல்லுவாங்க டாக்டரம்மா. மூத்திரம்னா மூக்கப் பொத்துவாங்க. கத்திதான வெக்கப்போறாங்க, வெச்சுட்டுப் போகட்டும்னு படுத்துட்டேன்."

சஹருக்கு அந்த மணிக்கட்டுப் பிடி இப்போதுதான் விளங்கியது. நெற்றியைத் தடவிக்கொடுத்த தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

டாக்டர் செய்யவேண்டியதைச் சொன்னார். உள்ளே வீக்கம் வடியவேண்டும், அதனால் இன்னும் ஆறு வாரம் பொறுக்கவேண்டும். பிறகு ஓட்டையை அடைக்க ஒரு ஆபரேஷன். மூன்று வாரம் டியூபோடு இருக்கவேண்டும். பெரும்பாலும் முதல் தடவையிலேயே அடைந்துவிடும், ஆனால் சத்தியம் செய்து கொடுக்கமுடியாது. அது அடைந்தாலும் பழைய கசிவு இருக்கும், அதற்குத் தனியாகப் பயிற்சி, தேவைப்பட்டால் இன்னொரு சின்ன ஆபரேஷன். "அந்தப் பயிற்சியை ஆறு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா" என்று தொடங்கியவர், ராபியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தண்ணி நல்லாக் குடிங்க. குடிக்காம இருந்தா புண்ணுதான் அதிகமாகும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ராபியா ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுவரைக்கும் தொழ முடியாதா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. பட்டாபிராம்ல இருந்து ஒரு அம்மா வருவாங்க, உங்களை மாதிரியேதான். அவங்க தொழறேன்னு சொன்னாங்க. ஏதோ சட்டம் இருக்குன்னு அவங்க ஊர் ஆலிமா சொன்னாங்களாம். உங்க ஊர்லயும் கேட்டுப் பாருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி சீட் காலி. ராபியா உட்காரவில்லை. சீட் நனைந்துவிடும் என்று பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூந்தமல்லி வரை நின்றே வந்தாள். சஹரும் பக்கத்தில் நின்றாள். அயனம்பாக்கம் ஏரி தாண்டும்போது, "மாமி, என்ன மன்னிச்சுடுங்க" என்றாள். ராபியா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை சஹர் அரைநாள் லீவு போட்டாள். பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற ஆலிமா ஃபிசா என்கிற பெண், சஹரைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். ராபியா வாசலிலேயே தயங்கி நின்றாள். உள்ளே வந்து பாயில் உட்காரச் சொன்னபோதும், "இல்லம்மா, நிக்கிறேன்" என்றாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். டாக்டரிடம் ஒருதரம் சொல்லிவிட்டதாலோ என்னவோ, இந்த முறை சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

ஃபிசா முகம் சுளிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அதன்மேல் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டாள். "உக்காருங்க பெரியம்மா. இதுக்குத் தடையே இல்லையே. தொழற நேரம், அந்த வக்து வந்ததும் கழுவிட்டு, துணி மாத்திட்டு, ஒளு செஞ்சு தொழுதுக்கலாம். நடுவுல கசிஞ்சாலும் தொழுகை கூடும், செல்லாமப் போகாது. வக்துக்கு ஒரு ஒளு, அவ்வளவுதான்."

"முன்னாடி குனிஞ்சா மட்டும்தாம்மா கசியும். அப்பவும்?"

"குனிஞ்சாதான் கசியுதுன்னா குனியவே வேணாமே. உக்காந்துகினு தலையைச் சாச்சு சைகையாலயே தொழுதிருக்கலாம்." ஃபிசா பக்கத்தில் கிடந்த ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். அட்டை போன, சின்னப் பெண்கள் படிக்கிற புத்தகம். "இதோ, மூணாவது பாடம். பத்து வயசுப் புள்ளைங்களுக்கு ஓதிக்கொடுக்கறோம். ஏன் பெரியம்மா, யாரையும் கேக்கலையா?"

ராபியா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்தாள். பிறகு வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் யாரும் இல்லை. பிற்பகல் தொழுகையான அஸருக்கு பாங்கு சொன்னதும் ராபியா குளியலறைக்குப் போனாள். கழுவி, துணி மாற்றி, ஒளு செய்துவிட்டு வந்தாள். சஹர் முஸல்லாவை விரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு மாமி கையைக் கட்டி நிற்கிறாள். முழங்காலில் கைவைத்துக் குனிந்தாள். நெற்றி தரையில் பட்டதும் அப்படியே இருந்துவிட்டாள். முதுகு குலுங்கியது. புடவையின் பின்பக்கம் ஈரம் மெல்லப் படர்ந்தது. சஹர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ராபியா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவது பாடமாம்" என்றாள். "இது தெரிஞ்சிருந்தா உன்கிட்ட அந்த வார்த்தையே சொல்லிருக்க மாட்டேன். நீயும் டாக்டரு, ஸ்கேனுன்னு அலஞ்சிருக்க மாட்ட. உள்ள இருந்தது உள்ளயே இருந்திருக்கும்."

"என்மேல கோவமா மாமி?"

"கோவம்தான். உன்மேல கொஞ்சம் கீது, இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். என்மேலதான் தாங்கல."

சஹர் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில்தான் அப்துல் கையூம் கடையிலிருந்து டீ குடிக்க வந்தார். முஸல்லாவில் மனைவியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். அவர் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். தொழுகை வந்துடுச்சா?" என்றார். "அப்பவே சொன்னேன் பாரு. எடுத்துட்டா சரியாயிடும்னு. புண்ணு ஆறுறதுக்கு நாளாவும், அது கெடக்கட்டும். தொந்தரவு நின்னுச்சுல்ல, அதுதான் வேணும். கைராசிக்கார டாக்டரு." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "ஆவடில என் தங்கச்சிக்கும் இதே கதைதானாம். மூணு மாசமாத் தொழுகையே இல்லையாம், மச்சான் இப்பத்தான் போன் பண்ணாரு. அதே நர்ஸிங் ஹோமுக்கு அழைச்சுனு போங்க, என் பொண்டாட்டிக்கே சரியாப்போச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல வராங்க."

சஹர் மாமியைப் பார்த்தாள். தானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். ராபியா அவள் முழங்காலில் கைவைத்து அழுத்தினாள்.

"வேணாம்" என்றாள் ராபியா.

"இன்னா வேணாம்?"

"அங்க போகவேணாம்னு சொல்லுங்க. போன் பண்ணி இப்பவே சொல்லுங்க. எனக்கு ரத்தமே வரல. நாலு வருசமா வரல. எனக்கு மூத்திரம் நிக்காது. ஆறு வருசமா நிக்காது. அதச் சொல்ல வெக்கப்பட்டுகினு தொழுகை இல்லன்னு சொன்னேன். இல்லாத நோவுக்கு நல்ல கர்ப்பப்பையை எடுத்துட்டு, மூத்திரப்பையில ஓட்டையும் போட்டு அனுப்பிட்டாங்க. உங்க தங்கச்சிக்கு இன்னான்னு மொதல்ல அவளக் கேளுங்க. அவகிட்ட நான் பேசறேன்."

அப்துல் கையூம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அவர் அவசரமாக எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"மெதுவாப் பேசு" என்றார்.

ராபியா முஸல்லாவிலிருந்து எழுந்தாள். கால் வழியாகத் தரையில் சொட்டியது. அவரைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்துவைத்தாள்.

"போன் போடுங்க" என்றாள்.